நெல்லறை ஸ்ரூடியோ

“இப்ப கேக்குதோ?”

“இல்லை.”

“வடிவாக் கேட்டுச் சொல்லும். ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்...”

“ஒரு சத்தமும் வரேல்லையப்பா.”

கதிர்காமநாதன் மைக்கை முறைத்துப் பார்த்தார். நெல் மூட்டைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்ற மைக் அவரைச் சட்டை செய்யவே இல்லை. எதிரே, ஒரு மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனைவி விமலேஸ்வரி இருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில், கதிரையில், கைக்கடக்கமான ஒரு சிவப்புப் பெட்டி. மைக்கில் பேசுவதைக் கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். ஓடியோ இன்டர்பேஸ் என்று மகள் மேனுகா பலமுறை சொல்லிக்கொடுத்தும் அவர் வாயில் அது நுழையவில்லை. பெட்டி என்றே சொன்னார்.

மேனுகா வவுனியாவில் படிப்பிக்கிறாள். பாட்டுப் பதிந்து யூடியூப்பில் போடுவதில் பைத்தியம். போன கிழமை வந்தவள் சாமான்களை விட்டுவிட்டு, வயர் கொளுவுவதை அப்பாவுக்கும், கணினியில் பதிவதை அம்மாவுக்கும் காட்டிவிட்டுப் போனாள். “நெல்லறைக்குள்ள வையுங்கோ, எதிரொலி இருக்காது” என்றும் சொன்னாள். உண்மைதான். உடையார்கட்டு முழுக்கத் தேடினாலும் இப்படியொரு ஸ்ரூடியோ கிடைக்காது. ஒரே வில்லங்கம், நெல் ஏற்ற இன்றைக்கே லொறி வருகிறது.

நாளைக்குக் கொழும்பு பஸ். வெள்ளிக்கிழமை தொண்டையில் ஒப்பரேசன். புற்றுநோய் குரல்வளையைப் பிடித்துவிட்டது, முழுதாக எடுக்கவேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் பிறகு குரல் வராது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேருக்குமே சோறு இறங்கவில்லை. கதிர்காமநாதனுக்கு இப்போது ஒரேயொரு ஆசைதான். விமலேஸ்வரியின் பாட்டு ஒன்றைப் பதிந்து எடுத்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாட்டில் புருசன் பெண்சாதியை ஒன்றாக இருக்க விடமாட்டார்கள். அந்த நேரத்துக்கு அது கையோடு இருக்கவேண்டும்.

கோயிலில் அவள் தேவாரம் பாடியதைக் கேட்டுத்தான் பெண் கேட்டுப் போனவர் அவர். கலியாணத்துக்குப் பிறகும் அவள் சாமிக்குப் பாடினாள், பிள்ளைக்குப் பாடினாள், குசினியில் சட்டிபானைக்கும் பாடினாள். அவருக்கென்று ஒருநாளும் பாடியதில்லை. கேட்டால் வெட்கம் வந்துவிடும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரும் விட்டுவிட்டார். அதை இப்போது நினைத்தால் அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

“நாப்பத்தெட்டு எண்டு போட்டிருக்கிற பட்டனை அமத்தினீங்களோ? அதில்லாட்டி மைக் வேலை செய்யாதெண்டு பிள்ளை சொன்னவள்.”

“அமத்தினனான். லைட்டும் எரியுது, பாரும்.”

“அப்ப வயர் இறுகேல்லையாக்கும்.”

கழற்றிக் கொளுவினார். பெட்டியில் இருந்த திருகியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினார்.

“இப்ப?”

“ம்ஹூம்.”

“நீர் ஒருக்கா வந்து பாடிப் பாருமன். பாட்டுக்கெண்டாலும் இந்தச் சனியன் வாய் திறக்குதோ பாப்பம்.”

“முதல்ல நீங்கள் சரிபாருங்கோ, பிறகு நான் பாடுறன். கொஞ்சம் நீளமா ஏதாவது கதையுங்கோ.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“வாயில வாறதை. எங்கட கலியாணத்தண்டு நடந்ததைச் சொல்லுங்கோவன்.”

கதிர்காமநாதனுக்குச் சிரிப்பு வந்தது. மைக்குக்குக் கிட்டப் போனார்.

“கலியாணத்தண்டு நல்ல மழை. ட்ரக்டர் சேத்தில புதைஞ்சு போச்சு. மாப்பிள்ளை நான்தான் இறங்கித் தள்ளினனான். பட்டுவேட்டி முழுக்கச் சேறு. உம்மட ஐயா என்னை மேல கீழ பாத்திட்டு, ‘மாப்பிள்ளை உழவை முடிச்சிட்டோ வாறார்?’ எண்டு கேட்டவர். நீர் குனிஞ்ச தலை நிமிராமலே சிரிச்சனீர். எனக்குத் தெரியும். உம்மட தோள் குலுங்கினது...”

விமலேஸ்வரி கண்ணைத் துடைத்தாள்.

“என்ன, கேக்குதோ?”

“இல்லை. நெல்லுத் தூசி.”

அந்த நேரம் பார்த்துப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு படலையடியில் வந்து நின்றது. கதிர்காமநாதன் யன்னலுக்குப் பாய்ந்தார்.

“தம்பி, அந்தப் பாட்டை நிப்பாட்டு! இஞ்ச ரெக்கோடிங் நடக்குது!”

“எந்தப் படத்துக்கு ஐயா?”

“உன்ர பாணுக்கும் சம்பலுக்கும்! போடா அங்கால!”

விமலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த நேரத்திலும் இவளுக்குச் சிரிப்பு வருகிறதே என்று அவருக்குக் கோபமும் வந்தது, ஆறுதலாகவும் இருந்தது. திரும்ப வயரைக் கழற்றினார், கொளுவினார், பெட்டியைத் தட்டினார், மகளை ஏசினார், பெட்டியைச் செய்தவனையும் ஏசினார். விமலேஸ்வரியின் பதில் மட்டும் மாறவில்லை.

தெருவில் லொறியின் ஹோர்ண் கேட்டது.

“வந்திட்டாங்கள்,” என்றார். திருகியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இனி மூட்டையைத் தூக்கப்போறாங்கள். பதியுதோ இல்லையோ, நீர் பாடும். ஒரு பாட்டு. எனக்கெண்டு நீர் ஒருநாளும் பாடேல்லை.”

மைக்கை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

விமலேஸ்வரி கணினியில் எதையோ அமத்தினாள்.

“முடிஞ்சுது.”

“என்ன முடிஞ்சுது? நீர் இன்னும் வாயே திறக்கேல்லையே!”

அவள் எழுந்து வந்து ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். உள்ளே அவருடைய கரகரத்த குரல். ஹலோ சொன்னது, சேற்றில் ட்ரக்டர் தள்ளியது, பாண்காரனை விரட்டியது, ஒன்றும் விடுபடாமல் கேட்டது.

“முதல் ஹலோவிலயிருந்தே பதிஞ்சுகொண்டுதான் இருந்தனான். நான் உங்களுக்கு நாளைக்கும் பாடுவன், சாகுமட்டும் பாடுவன்,” என்றாள் விமலேஸ்வரி. “வெள்ளிக்கிழமை உங்கட தொண்டையில கத்தி வைச்ச பிறகு, என்னை ஆர் கூப்பிடுறது?”