வெள்ளை அடுக்கு

காய்ந்த மின்மினியின் வயிற்று நுனியில் ஒரு சொட்டு நீர் விட்டு, அது மங்கலாக ஒளிர்வதைப் பார்த்து முடிக்கும்வரைதான் சுகிர்தாவுக்கு இருட்டு தேவைப்பட்டது. பிறகு அறை விளக்கைப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தாள். அடியில் கண்ணாடி போன்ற தோல். அதற்கு மேல் ஒளி உண்டாகும் செல்கள், அவற்றின் ஊடே காற்றைக் கொண்டுவரும் மெல்லிய குழல்கள். எல்லாவற்றுக்கும் பின்னால், சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரு வெள்ளை அடுக்கு. ஒளியை அது வெளியே தள்ளிவிடும். பூச்சியின் உடம்புக்குள் போகவிடாது. வரைந்து முடிக்கும்போது மதியம் ஒரு மணியாகிவிட்டது.

கதவைத் திறந்தபோது, ஜன்னல் இல்லாத அந்த நடைவழியில் ஆய்வக உதவியாளர் அந்தோணிப்பிள்ளை நின்றிருந்தார்.

"உங்க தம்பி வந்திருந்தாரும்மா. ரெண்டு மணி நேரம் இந்த பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. பன்னண்டரை பஸ்ஸுக்குப் போயிட்டாரு."

தம்பி அவளிடம் பேசிப் பதினோரு வருடமாகிறது.

"கதவைத் தட்டியிருக்கலாமே."

"அவரு எந்திரிச்சு வந்தாரு. நான்தான் வேண்டாம்னேன். சிவப்பு லைட்டு எரிஞ்சா தட்டக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க."

நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்கு மேலே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் அறையை இருட்டாக்கி வேலை தொடங்கும்போது போட்டது. உள்ளிருந்து பார்த்தால் அது தெரியாது.

போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த கைகள் சிவப்பாகத் தெரிந்தன.

விளக்கை அணைக்க அந்தோணிப்பிள்ளை சுவிட்சை நோக்கிப் போனார்.

"இருக்கட்டும்" என்றாள்.