கோல் கொடுக்க ஓர் ஆள்

கோலை நீட்டிவிட்டார். வாங்க ஆளில்லை.

எல்லாம் பழக்கம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கோலை எடுத்ததும், பாங்கு சொல்லும் மோதினாரின் கை தானாக வலப்பக்கம் திரும்பிவிடும். முதல் வரிசையில் அங்கேதான், அதை வாங்கிக்கொண்டு பிரசங்க மேடை ஏறும் சாலிதீன் மௌலவி இருப்பார்.

இன்று அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நெருங்கி உட்கார எவருக்கும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டு வாசலில் நின்று ஸலாம் சொன்னார்கள். மௌலவி பதில் சொல்லிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். சுட்டுவிட்டார்கள்.

பாவிகள். ஸலாம் சொல்லியா சுடுவது!

ஊரின் இமாமும் அவர்தான், பிரதேச சபைத் தலைவரும் அவர்தான். பிள்ளைகளை இயக்கத்துக்குத் தரமாட்டோம் என்று இதே மிம்பர் மேடையில் நின்று சொன்னவர்.

மறுநாளே பள்ளிவாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இனி மிம்பரில் எவன் ஏறினாலும் அவனுக்கும் அதே கதி.

குத்பாப் பிரசங்கம் இல்லாமல் ஜும்ஆ இல்லை. புயலடித்த வருடத்தில்கூட இந்த ஊரில் ஜும்ஆ நின்றதில்லை.

மோதினார் கோலோடு நின்றார்.

தலைகள் குனிந்திருந்தன. குத்பா நீளுகிறது என்று வாராவாரம் முணுமுணுப்பவர்கள்கூட இன்று பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையில் இரண்டு பேர், ஊருக்குப் புதுசு. கைகால் கழுவி வுளூச் செய்யாமல் புழுதிக் காலோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மோதினார் அவர்களைக் கண்டுகொண்டார். இருக்கட்டும். தானே ஏறிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். குத்பாக் கிதாப் மேலேதான் இருக்கிறது. பார்த்து ஓதத் தெரியும்.

ஆனால் கோலைத் தானே எடுத்துக்கொண்டு ஏறுவது இங்கே முறையில்லை. ஒருவர் கொடுக்கவேண்டும், ஒருவர் வாங்கவேண்டும்.

காலமெல்லாம் கொடுத்த கை. அதற்குக் கொடுக்க ஒரு கை இல்லை.

"ஆராவது ஒராள் எழும்பி இத எனக்குத் தாங்க."

நடுவில் ஒருவர் எழுந்தார். மீன் முதலாளி அலியார். போன தேர்தலில் மௌலவியிடம் மண்ணைக் கவ்வியவர். அன்றிலிருந்து மௌலவிக்குப் பின்னால் நின்று தொழுவார், முகத்தில் மட்டும் விழிக்கமாட்டார்.

தோள்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அழுதிருந்தார் என்பது கிட்ட வந்ததும் தெரிந்தது.

கோலை வாங்கினார். இரண்டு கையாலும் ஏந்தி, மோதினாரிடமே நீட்டினார்.

குரலைத் தணிக்கவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"ஏறுங்க மோதினார். வாற வெள்ளி நான் ஏறுறன். நீங்க இருந்தா நீங்க எடுத்துத் தாங்க. இல்லாட்டி, தாறதுக்கு இந்த ஊருல ஆளிருக்கு."

சொல்லிவிட்டு, மௌலவியின் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.