ஓட்டிஸின் ஒரே ஹோம் ரன்

ஒரே ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரே ஒரு பேஸ்பால் டீம். அந்த டீம் ஒரே ஒரு தடவை கோப்பையைத் தொடப் போய், ஒரே ஒரு பந்தில் கோட்டை விட்டது.

ஊர், ஒஹையோவில் டார்வில். வருஷம் 1958.

டீம் கலைந்தே ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனால் அந்த சீசனை மட்டும் ஊர் சாக விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் லைப்ரரியின் கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கூட்டம் கூடி, ஆட்டம் ஆட்டமாக அதை மேஜைமேல் மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை. அந்த வருஷம் அவன் நிஜமாக ஆடிய லட்சணம் அதில் இருக்கும். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று இரண்டு பகடை. சிவப்பை முதலில் படிக்கணும், அப்புறம் வெள்ளை: சிவப்பில் மூணு, வெள்ளையில் நாலு என்றால் முப்பத்துநாலு. அந்த எண்ணுக்கு அட்டை என்ன சொல்கிறதோ, அதுதான் நடந்தது. மேல்முறையீடு கிடையாது.

இன்று கடைசி ஆட்டம்.

டார்வில்லை ஆட்டுவித்தது கூட்டத்தின் தலைவர் ஹார்லன். எதிரி டீம் லீடன், கூட்டத்தில் இன்னொருவரான கிளைடுக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. உள்ளூர்க்காரர்தான், ஆனாலும் ஆட்டம் என்றால் ஆட்டம்.

மூலையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் மெர்ல். எண்பத்து மூணு வயது. 1958-ல் அந்தக் கடைசிப் பந்தை வீசியவர். முடிவெட்டப் போனால்கூட, "என்ன மெர்ல், அந்தப் பந்து இன்னும் கீழ இறங்கலையாமே?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் கிளைடுதான் கேட்பார்.

"இந்தத் தடவை ஜெயிச்சுக் காட்டறேன், வந்து பாருங்க" என்று ஹார்லன்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார்.

ஆட்டம் அன்றைக்கு நடந்த மாதிரியே வந்து நின்றது. டார்வில் ஒரு ரன் முன்னால். லீடனுக்கு ரெண்டு அவுட், ஒரு ஆள் பேஸில். இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் கோப்பை; மைதானத்தைத் தாண்டும் ஒரு ஹோம் ரன் விழுந்தாலோ இரண்டு ரன், கோப்பை லீடனுக்கு.

"அடுத்து யாரு?" என்றார் ஹார்லன்.

"ஓட்டிஸ்," என்றார் ஸ்கோர் எழுதும் லொரெட்டா, மெர்ல் பக்கம் திரும்பாமல்.

ஓட்டிஸ், சீசன் முடிகிற நேரத்தில் லீடனில் வந்து சேர்ந்த பொடியன். முப்பத்தாறு தடவை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹோம் ரன் அடித்தவன். அதுவும் மெர்லின் கடைசிப் பந்தில். அதனால் அவன் அட்டையில் இருந்த முப்பத்தாறு கட்டத்திலும் ஹோம் ரன் என்று ஒன்றே ஒன்றுதான். அறுபத்தொன்று.

கிளைட் உருட்டினார். பகடைகள் டோனட் பெட்டியில் முட்டி, ஹார்லன் பக்கம் போய் நின்றன.

ஹார்லன் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பதினாறு. அவுட்! கோப்பை டார்வில்லுக்கு!"

கிளைட் எட்டிப் பார்த்தார். சிவப்பில் ஆறு. வெள்ளையில் ஒன்று.

"யோவ்! அறுபத்தொண்ணுய்யா!"

"எனக்குப் பதினாறாத்தான் தெரியுது."

"கண்ணாடியத் துடைச்சுப் போடு. போன வருஷம் தெரியாம நான் மாத்திப் படிச்சதுக்கு ரெண்டு மாசம் வெளிய நிக்க வெச்சியே! இப்ப உன் டீம்னதும் சட்டம் சாயுதா?"

ஹார்லன் கண்ணை மட்டும் மூலைப் பக்கம் ஓட்டினார்.

கிளைட் திரும்பினார். மெர்ல் இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கிளைடுக்கு உறைத்தது. இந்த மனுஷனை இன்னொரு தரமுமா தோற்கடிக்கணும்?

மறுபடியும் பகடைகள் பக்கம் குனிந்தார். "ஆமா... இப்படிப் பாத்தா பதினாறுதான். எழுதிக்கோ லொரெட்டா."

"எழுதாதேம்மா."

மெர்ல் எழுந்து வந்து பகடைகளைப் பார்த்தார்.

"அறுபத்தொண்ணு. ஹோம் ரன். அதை எழுது."

"மெர்ல், இது சும்மா விளையாட்டுதானே..." என்று இழுத்தார் ஹார்லன்.

"அதுவும் விளையாட்டுதான்." மெர்லின் குரல் உயரவில்லை. "அன்னிக்குப் பந்து ஓர எல்லைக் கம்பத்துக்கு மேல பறந்துச்சு. கம்பத்துக்கு உள்ளன்னா ஹோம் ரன், வெளியன்னா செல்லாது. உள்ளயா வெளியயான்னு அம்பயருக்குத் தெரியல. ஒத்த ஆளு, கண்ணுல வெயில். என்கிட்ட வந்து, 'வெளியதானே போச்சு?'ன்னு காதோட கேட்டாரு. ஆமான்னு தலையாட்டியிருந்தா அந்த அடி செல்லாது. அடுத்த பந்துல பையனச் சாச்சிருப்பேன். அன்னிக்கு என் கை அப்படி!"

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் ஹார்லன்.

"உள்ளன்னேன்."

லொரெட்டா குனிந்து, பெரிய எழுத்தில் ஹோம் ரன் என்று எழுதினார்.

கோப்பை இல்லாத ஊர்க்காரன் என்று கூசிக் கூசியே வளர்ந்தவர் கிளைட். தன்னையறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். ஹார்லனும் எழுந்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மெர்ல்? நாங்கள்லாம் இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி..." என்றார் கிளைட்.

மெர்ல் படிக்கட்டுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அதுக்கப்புறம் ஓட்டிஸ் எங்கயும் ஆடல. போன மாசம் கண்ண மூடற வரைக்கும், பாக்கற ஆளுகிட்டயெல்லாம் அந்த ஒரு அடியத்தான் சொல்லிட்டிருந்தான். நான் வாயத் தொறந்திருந்தா அது அவன் அடிச்சதா இருந்திருக்காது, கிளைட். நான் குடுத்ததா ஆயிருக்கும்."

சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.