மூடின கடையின் விளம்பரம்

"கடை மூடி ரெண்டு வருசம். இன்னும் ஆருக்காக அண்ணை இந்த விளம்பரம்?"

சுகன்யாதேவி வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் பரராசசிங்கம் நடத்துவது இரண்டு அறைக்குள் அடங்கும் குட்டித் தமிழ்த் தொலைக்காட்சி. உள்ளூரில் சில நூறு வீடுகளுக்குத்தான் போகும். செய்தியும் தொடர்களும் கொலோனில் இருக்கும் பெரிய தொலைக்காட்சி கொடுப்பவை. பதிலுக்கு அவர்களுடைய விளம்பரங்களைச் சொன்ன நேரத்தில் காட்ட வேண்டும். ஒப்பந்தம் அதுதான். அதைச் சரிபார்க்கக் கொலோனிலிருந்து வந்தவள்தான் சுகன்யாதேவி.

மாலைச் செய்திக்கு முன்னால் அவர்களுடைய விளம்பரம் வரவேண்டிய இடத்தில், ஒரு வருடமாக ஒரு பழைய நகைக்கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப்பாவாடை கட்டிய சிறுமி வளையலைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது எனக்கே?" என்று சிரிப்பாள்.

"வரேக்க அந்தக் கடையடிக்கும் போனனான். இப்ப அதில முடி வெட்டுகினம்."

"தெரியும் தங்கச்சி."

"அப்ப நிப்பாட்டுங்கோ."

"ஏலாது."

"அப்ப இணைப்பை வெட்டத்தான் வேணும். எங்கட தொடர்கள் இல்லாட்டி உங்கட டிவியை ஆர் பாப்பினம்?"

"ஒருத்தரும் பாக்க மாட்டினம். பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான்."

இவ்வளவு பிடிவாதமென்றால் உள்ளுக்குள் ஏதோ வரும்படி இருக்கிறது. கொலோனுக்குச் சொல்லிவிடுவோம் என்று சுகன்யாதேவி போனை எடுத்தாள்.

பரராசசிங்கம் மெதுவாகச் சொன்னார்.

"எதிர்வீட்டு ரஞ்சினியின்ர மகள்தான் விளம்பரத்தில வாற அந்தப் பிள்ளை. ஆதிரை. போன வருசம் காய்ச்சலெண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போச்சினம். திரும்பி வரேல்லை."

சுகன்யாதேவி எண்ணை அழுத்தாமல் போனை இறக்கினாள்.

"தாய்க்கு அந்த விளம்பரத்தை ஒரு கொப்பி எடுத்துக் குடுத்திருக்கலாமே அண்ணை?"

"குடுத்தனான். போட்டுப் பாக்கிறேல்லையாம். தான் போட்டால் அது வெறும் படமாம். டிவியில தன்பாட்டில வந்தால்தான், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வந்த மாதிரி இருக்காம்."

சுகன்யாதேவி போனைப் பைக்குள் வைத்தாள்.

"கொலோனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். எங்கட விளம்பரத்தை அதுக்குப் பிறகு போடுங்கோ அண்ணை. முதல்ல பிள்ளை வரட்டும்."