எடுக்காவிட்டால் சுகம்

ராஜினி போன் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியபோது பத்மாசனியின் கையில் ஜெர்மனியிலிருந்து வந்த இரண்டாவது ஃபக்ஸ் இருந்தது. தாளில் இன்னும் சூடு ஆறவில்லை.

வவுனியாவில் அந்தக் கொமினிகேஷன் கடையைப் பத்மாசனி தனியாகத்தான் நடத்துகிறாள். நாள் முழுக்க ஊர்ச்சனம் வந்து கத்திக் கத்திக் கதைத்துவிட்டுப் போகும். அவளோடு கதைக்க வருவது ராஜினி மட்டும்தான்.

தொண்ணூற்றாறில் வட்டக்கச்சியிலிருந்து இடம்பெயர்ந்தவள். அகதி முகாமில் வெளியே வரப் பாஸ் எடுத்துக்கொண்டு நாள்தோறும் பின்னேரம் வருவாள். ஜெர்மனியில் புருஷன் இருக்கும் அறைக்கு மணி அடிப்பாள். மூன்று தரம் அடித்ததும் வைத்துவிடுவாள்.

ஜெர்மனியோடு கதைக்க யாரிடம் காசு இருக்கிறது? மணி மட்டும் அடித்தால் செலவில்லை. இராவேலை செய்துவிட்டுப் படுத்திருக்கும் மனுஷன் அந்தச் சத்தத்தில் எழும்புவான். எடுத்தால் ஏதோ கரைச்சல் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் சுகம். புருஷனும் பெண்சாதியும் பேசி வைத்த ஒழுங்கு அது.

பிறகு இரண்டு பேரும் பிளேன்ரீ குடிப்பார்கள். ராஜினி ‘இவர்’, ‘இவர்’ என்று அவனைப் பற்றியே கதைப்பாள். கட்டினவனின் பெயரை வாயால் சொல்லமாட்டாள். எத்தனை கேலி பண்ணியும் பத்மாசனியால் அதை வாங்க முடியவில்லை.

முதல் ஃபக்ஸ் போன மாதம் வந்தது. ஜெர்மனிப் பொலிஸ் அனுப்பியிருந்தது. அங்குள்ள போன் கொம்பனி கடையின் இலக்கத்தைத் தேடிப்பிடித்துக் கொடுத்திருக்கிறது. ‘இந்த அறைக்கு நாள்தோறும் மணி அடிப்பவர் யார்? பெயரும் முகவரியும் தரவும்.’ ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு சொல் இல்லை.

பத்மாசனி தாளைக் கவிழ்த்து வைத்தாள். அந்த மனுஷன் யாரோ ஒருவனுடைய பாஸ்போட்டில் போய், யாரோ ஒருவனுடைய பெயரில் அங்கே இருப்பவன். பிடித்துத் திருப்பி அனுப்பத்தான் தேடுகிறார்கள், வேறென்ன! எந்த ஊர் என்றாலும் பொலிஸ் பொலிஸ்தான்.

பெயர் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுடைய வீட்டு வாசலிலும் ஒருநாள் வந்து நின்று, உள்ளே இருப்பது யார் என்று கேட்டார்கள். பொய் சொல்ல வராமல் புருஷனின் பெயரைச் சொன்னாள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை.

‘இது பொதுக்கடை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் போன் எடுப்பார்கள். யாரென்று தெரியாது.’ தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள்.

ராஜினியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் பயந்து மணி அடிப்பதை விட்டுவிடுவாள். அதுவும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? எனக்குத்தான் என்ன இருக்கிறது? ஒரு குடும்பத்தையாவது காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில் அன்றைக்குப் பத்மாசனி நிம்மதியாகத் தூங்கினாள்.

இன்றைய ஃபக்ஸை அவள் மறுபடியும் வாசித்தாள்.

‘உங்கள் பதிலுக்கு நன்றி. அந்த அறையில் நோயால் இறந்து கிடந்தவரிடம் இருந்த பத்திரங்கள் அவருடையவை அல்ல. அவருடைய உறவினரைத் தேட அந்த மணியைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உரிமை கோர ஒருவரும் இல்லாததால் நகரசபை அவரைப் பெயரின்றி அடக்கம் செய்துவிட்டது.’

கூண்டுக் கண்ணாடிக்கு அப்பால் ராஜினி காதில் ரிசீவரை வைத்தபடி நின்றாள். மூன்று தரம் அடிக்கவிட்டு, மெதுவாக வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள்.

“இண்டைக்கும் எடுக்கேல்லை அக்கா! சுகமா இருக்கிறார்.”

பத்மாசனி ஃபக்ஸை மடித்து வைத்தாள். எழும்பிப்போய்க் கடைக் கதவைச் சாத்தினாள். ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். வெற்றுத்தாள் ஒன்றையும் பேனையையும் எடுத்து வைத்தாள்.

“இதிலை இரு பிள்ளை. உன்ரை மனிசன்ரை முழுப்பேரைச் சொல்லு.”

“ஐயோ, போங்கோ அக்கா! அதேன் இப்ப?”

பத்மாசனி சிரிக்கவில்லை. பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

ராஜினி கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். கையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னாள்.

“சிற்றம்பலம் நிரஞ்சன்.”