அரைக் கரண்டி மருந்து

வேட்டைக்காரர் மாசாணத்தின் தோல்பையில் இரண்டு தோட்டாக்கள் இருந்தன. ஒன்று, கடமானுக்காக முழு மருந்து அடைத்தது. இன்னொன்று, வழியில் அகப்படும் கௌதாரிக்காக அவரே அரைக் கரண்டி மருந்து போட்டது.

"நீ வெடிச்சா அது வெடியா, தும்மலா?" என்று சிரித்தது முழுத்தோட்டா.

"குழம்புக்கு அது போதும்ண்ணே," என்றது அரைத்தோட்டா.

மூன்று நாள் அலைந்தும் கடமான் கண்ணில் படவில்லை. அரைத்தோட்டா மட்டும் தினமும் வெடித்தது. அதன் வெற்றுக்கூட்டை மாசாணம் பொறுக்கியெடுத்து, மறுபடி மருந்து போட்டுப் பைக்குள் வைப்பார். கௌதாரி எப்படிப் பறந்தது, குழம்பு எப்படி மணத்தது என்று அது வந்து அளக்கும்.

ஐந்து வருஷமாகப் பையிலேயே கிடந்து பச்சைக் களிம்பு பிடித்திருந்த முழுத்தோட்டா, நான்காம் நாள் மெல்லக் கேட்டது: "தம்பி, பாதி மருந்தை எடுத்துட்டா நானும் கௌதாரிக்கு ஆவேனா?"