ஒரு மெசேஜும் வரலை

2008 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எண்ணூர் விரைவுச் சாலையோரம் இருந்த இறால் ஏற்றுமதிக் கிடங்கில், சர்வரை நிறுத்தி மெமரி மாற்றும் வேலை காலையில் தொடங்கியது.

"பெட்டிய அணைக்கிறது நீ, மெமோ வாங்குறது நானா? இன்னா நியாயம் வல்லரசு இது?"

கார்குழலிக்குக் கோபம் ஆறவே இல்லை. கிடங்கின் கம்ப்யூட்டர்களையும் குளிர் அறைகளையும் கண்காணிப்பது அவள் வேலை. எது நின்றாலும் அவள் போனுக்கும் மேனேஜர் சாலமோன் போனுக்கும் தானாக மெசேஜ் போகும்.

சர்வர் வல்லரசுவின் பொறுப்பு. முன்பு தனித்தனியாக இருந்த எட்டு கம்ப்யூட்டர்கள் இப்போது சர்வர் என்ற ஒரே பெரிய பெட்டிக்குள், உடம்பில்லாமல், வெறும் மென்பொருளாக ஓடின. போன மாதம் அவன் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெட்டியை அணைக்க, எட்டும் செத்துவிட்டதாக மெசேஜ் மேல் மெசேஜ். சாலமோன் அப்போது சர்ச்சில் திருவிருந்துக்கு முழங்காலிட்டிருந்தார். மெமோ கார்குழலிக்கு வந்தது.

"அதான் இந்த வாட்டி முன்னாடியே சொல்ட்டேனே க்கா. இன்னும் இன்னா பேஜாரு?"

"டீக்கடையில நின்னுகினு சொன்ன. பெரிய உபகாரம்! எட்டு மெஷினோட அலாரத்தையும் ஒண்ணொண்ணா வாயடைச்சது நானு. குளிர் ரூமு அலாரத்த மட்டும் வுட்டு வெச்சிகீறேன். அது அடிச்சு நான் பாக்கலைன்னா, மெமோகூட இல்ல, நேரா வூட்டுக்கு அனுப்பிடுவாரு அந்த மனுசன்."

வல்லரசு பெட்டியை அணைத்தான். கார்குழலி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாய் திறக்கவில்லை. அவள் மேசைத் திரையில் குளிர் அறைகள் மூன்றும் மைனஸ் இருபதில் இருந்தன, புள்ளி பிசகாமல்.

"பாத்தியா, கம்முனு கீது! ஒயுங்கா சொல்லிட்டு செஞ்சா வேல எப்பிடி நடக்குது பாரு. இத்த போன மாசமே பண்றதுக்கு இன்னா கேடு?"

"செல வெக்கிறேன் தாயே உனக்கு. காலடிப்பேட்ட மார்க்கெட்டாண்ட."

புது மெமரி சரியாக உட்காரவில்லை. கழற்றி மாட்டி, மறுபடி கழற்றியதில் மத்தியானம் ஆகிவிட்டது. கார்குழலி சோற்று டப்பாவைத் திறந்தபோது, சாலமோன் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். பின்னால் குளிர் அறைக் காவலர் இன்னாசி.

"ஏம்மா, மூணாம் அறை காலையிலேயே நின்னு போச்சாம். இவர் கதவத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியுது. நீ இங்க உக்காந்து என்னத்தப் பார்த்துக்கிட்டு இருக்க?"

"தண்ணி வெளிய ஓடினு கீது சார். இறாலு மொத்தமும் கொழகொழன்னு ஆயிப்போச்சு" என்றார் இன்னாசி.

கார்குழலி எழுந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்களே பாருங்க சார், மைனஸ் இருபது! காலையிலேருந்து எச்சி முழுங்காம இதையேதான் பாத்துனு கீறேன். உங்க போனுக்காச்சும் ஒரு மெசேஜ் வந்துச்சா? எதுக்கெடுத்தாலும் நான்தான் கெடச்சேனா? இவனக் கேளுங்க. எத்தையோ எங்கிட்ட சொல்லாம அணைச்சுட்டு நிக்கிறான்!"

சாலமோன் வல்லரசுவைப் பார்த்தார். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"மெசேஜ் அனுப்புற உன் மெஷினும் இந்தப் பெட்டிக்குள்ளதான் க்கா கீது. உன் ஸ்க்ரீன்ல தெரியறது காலையில பெட்டி அணையறதுக்கு முன்னாடி கடைசியா வந்த நம்பரு. 'மேசக்கடியில கீற இந்தக் கம்ப்யூட்டரு டப்பா சூடு தாங்கல, இதையும் உள்ள தள்ளு'ன்னு மெமோ வந்த அன்னிக்கு எங்கிட்ட சண்ட போட்டது நீதானே?"

அவன் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தான். சற்று நேரத்தில் கார்குழலியின் போனும் சாலமோனின் போனும் ஒன்றாக ஒலித்தன: 'குளிர் அறை மூன்று: ப்ளஸ் நான்கு.'